முயலை விடு, கயிற்றைப் பிடி

மருமகனே, நீ பெரிய வித்தைக்காரனாகி வந்திருக்கிறாய் எண்டு எங்கட ஊர் உடப்பு முழுக்கக் கதை. பத்துளுஓயாச் சந்தியில பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கறுப்புக் கோட்டும் கறுப்புத் தொப்பியும் போட்டிருந்தாயாம். தேத்தண்ணிக் கடைக்காரன் உன்னைக் கண்டிட்டு, ஆரோ பெரிய இடத்துச் செத்த வீட்டுக்கு வந்த ஆள் எண்டு நினைச்சு எழும்பி நிண்டானாம். பிறகு நான்தான் விளக்கம் சொன்னன்: "அது என்ட அக்காட மகன். கொழும்புக்கு கம்ப்யூட்டர் படிக்கப் போய், தொப்பிக்குள்ள முயல் பிடிக்கப் படிச்சிட்டு வந்திருக்கான்." பெருமையாத்தான் சொன்னன். ஆனா அவன் சிரிச்சிட்டான்.

நேற்று வலை தைக்கிற கொட்டிலுக்கு முன்னால நீ செய்து காட்டினதையும் பார்த்தன். கடதாசிக் கட்டை விசிறி மாதிரி விரிச்சாய். ஒரு பிள்ளை ஒண்டை எடுத்தது. திருப்பி வச்சது. நீ கலக்கினாய், கண்ணை மூடினாய், நெத்தியில கை வச்சாய், அந்தக் கடதாசியையே எடுத்துக் குடுத்தாய். கெட்டிக்காரன். ஒரு குறைதான். அந்தப் பிள்ளை அதைத் தொலைக்கல்ல. ஆருமே தொலைக்காத ஒண்டை நீ கண்டுபிடிச்சுக் குடுத்தால் ஆர் நன்றி சொல்லுவான்? அதுக்கு மேல "லேடீஸ் அண்ட் ஜென்டில்மென்" வேற. அங்க இருந்த ஒரே லேடி உன்ட பெரியம்மா. அவ கருவாட்டுக்கு வந்த காகத்தைத் துரத்திக்கொண்டு நிண்டா.

பிறகு என்னட்ட வந்து, "மாமா, யூடியூப்பில இருக்கிற எல்லாத்தையும் பார்த்து முடிச்சிட்டன். புதிசா ஒண்டும் வருதில்லை" எண்டு சலிச்சாய். எப்படி வரும்? நீ பார்த்ததெல்லாம் வேற வித்தைக்காரன் செய்த வித்தை. அவன் இன்னொருத்தன்ட பார்த்தான். அந்த இன்னொருத்தன் விலைக்கு வாங்கினான். வித்தைக்காரன் வித்தைக்காரனையே பார்த்துக்கொண்டிருந்தால் கோட்டும் தொப்பியும் முயலும்தான் மிஞ்சும். முயல் பாவம், அதுக்கும் அலுத்துப் போயிருக்கும்.

அந்தக் கோட்டுக்கு ஒரு கதை இருக்கு, தெரியுமா? நீ போனைத் தடவுற நேரத்தில மாமா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புத்தகம் வாசிக்கிற ஆள். பிரான்சில ரொபேர் ஊதேன் எண்டு ஒரு மணிக்கூட்டுக்காரன் இருந்தான். 1845ல பாரிசில வித்தைக்கெண்டே ஒரு அரங்கு திறந்தான். அதுவரைக்கும் அங்கத்தைய வித்தைக்காரர் பலபேர் நீள அங்கியும் கூம்புத் தொப்பியும் மாட்டிக்கொண்டு மந்திரவாதி வேஷம் போட்டாங்கள். இவன் அதையெல்லாம் கழற்றி எறிஞ்சிட்டு, தனக்கு முன்னால கதிரையில இருந்த துரைமார் இரவு விருந்துக்கு என்ன உடுத்தாங்களோ அதை உடுத்தான். "நானும் உங்களில ஒருத்தன்தான்" எண்டு காட்டின உடுப்பு அது. நீ பாரிஸ் துரைமாரின்ட உடுப்பை உடப்புக் கரைக்குக் கொண்டு வந்திருக்கிறாய். உனக்கு முன்னால இருந்தவங்கள் என்ன உடுத்திருந்தாங்கள்? சாரம். ஊதேன் இந்த ஊரில பிறந்திருந்தால் சாரத்தோடதான் மேடை ஏறியிருப்பான். இடுப்பு மடிப்பில பீடி, தீப்பெட்டி, சில்லறை, பெண்சாதிக்குத் தெரியாத காசு எல்லாம் ஒளிக்கிற பரம்பரை நாங்கள். ஒரு நாணயம் ஒளிக்க உனக்குக் கோட்டுக் கை வேணுமாக்கும்!

அந்த மனுஷன் எங்கயெல்லாம் மூக்கை நீட்டினான் எண்டு பார். 1830ஐ ஒட்டின காலத்தில மதராசில ஒரு வயசாளி ஒரு கம்பில கையை மட்டும் ஊண்டிக்கொண்டு, நிலத்தில படாமல் இருந்து காட்டினார் எண்டு இங்கிலீசுப் பத்திரிகைகளில படத்தோட வந்தது. ஐரோப்பாவே கம்பைப் பற்றிக் கதைச்சுது. 1847ல ஊதேன் தன்ட சின்ன மகனை அதே மாதிரி ஒரு கம்பில முழங்கையை வச்சுக் கிடையாத் தொங்க விட்டான். ஆனா அவன் மந்திரம் எண்டு சொல்லல்ல, யோகம் எண்டும் சொல்லல்ல. ஈதர் எண்டான். அப்பதான் ஆஸ்பத்திரிகளில ஆளை மயக்கி அறுக்கிறதுக்கு ஈதர் வந்த புதுசு. ஊரெல்லாம் அதே பேச்சு. மேடைக்குப் பின்னால ஈதரை ஊத்தி அந்த மணத்தையும் சபைக்கு அனுப்பினான். கம்பு பழசு, மணம் புதுசு. மதராசுத் தெருவிலயிருந்து ஒண்டு, ஆஸ்பத்திரியிலயிருந்து ஒண்டு, இரண்டையும் முடிச்சுப் போட்டான். வித்தைக் கடைக்குப் போனதாத் தெரியல்ல.

உனக்குக் கடல் பக்கத்திலயே இருக்கு. நீ பார்க்கத்தான் இல்லை.

கரைவலை இழுக்கிறதைச் சின்ன வயசில கண்டிருப்பாய். பிறகு டிராக்டர் வின்ச் வந்துது. வின்ச்சுக்குப் பாட்டுத் தேவையில்லை, டீசல் போதும். என்ட காலத்தில வலையின்ட இரண்டு கயிற்றையும் கரையில இரண்டு பக்கமும் ஆக்கள் பிடிச்சு, இடுப்பில வாரைக் கொளுவிக்கொண்டு பின்காலாப் போவாங்கள். ஒருத்தன் அம்பாப் பாட்டை எடுத்துக் குடுப்பான். மற்றவங்கள் வாங்கிச் சொல்லுவாங்கள். சொல் விழுற இடத்தில இழுவை விழும். அதோட மூச்சு விடுவாங்கள். திரும்பவும் சொல், திரும்பவும் இழுவை. நீ அதைக் கடற்கரைப் பாட்டு எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறாய். நான் அந்தப் பாட்டை எடுத்துக் குடுத்த ஆள், கேள். அது எத்தனையோ உடம்பை ஒரு உடம்பாக்கி, எப்ப இறுகவேணும் எப்ப தளரவேணும் எண்டு சொல்லுற வேலை.

பாட்டை எடுத்துக் குடுக்கிறவன் கண்ணைக் கடலில வச்சிருப்பான். நீரோட்டம் வலையை இழுத்தால் பாட்டை ஆறப்போடுவான். வலையின்ட மடி கரைக்குக் கிட்ட வந்தால் ஓட்டமாக்குவான். ஆக்கள் களைச்சுப் போனால் சாமி பாட்டை நிப்பாட்டிட்டு, ஊரில ஆர் ஆரோட கதைச்சது எண்டு ஒரு நக்கல் வரியை விடுவான். எல்லாரும் சிரிப்பாங்கள். அந்தச் சிரிப்பில கயிறு லேசாகும். மருமகனே, அந்த ஒரு மூச்சு இருக்குதே, அதுக்குள்ள நீ என்ன செய்தாலும் ஒருத்தனுக்கும் தெரியாது. அந்த மூச்சில நான் முன்னால நிண்டவன்ட காதிலயிருந்து எத்தனை பீடி எடுத்திருக்கிறன். அவன் இண்டைக்கும் கடல் காத்தைத்தான் பேசிக்கொண்டு திரியிறான்.

நேற்று நீ என்ன செய்தாய்? "இப்ப வடிவாப் பாருங்கோ" எண்டு சொல்லி, எல்லாருடைய கண்ணும் உன்ட விரலில ஏறி நிக்கும்போது விரலை மடக்கினாய். அது இழுவை விழுற நேரம். அப்ப ஊரே இறுகி நிக்கும். உன்ட பெரியம்மா கூடக் காகத்தை விட்டிட்டுப் பார்த்தா. வேலையை அதுக்குப் பிறகு செய். ஒரு பகிடி விடு, சிரிக்க விடு, "முடிஞ்சுது, இனி ஒண்டுமில்லை" எண்டு அவங்கள் நினைச்சுத் தோளைத் தளர்த்துற நேரத்தில செய்.

இது உடப்புக் கிழவன்ட உளறல் எண்டு நினைக்காதே. இத்தாலியில பிறந்து நியூயோர்க்கில வித்தை படிப்பிச்ச ஸ்லைடினி எண்டவர் வெறும் மேசையும் நாணயமும் கடதாசி உருண்டையும் வச்சுக்கொண்டு பெரிய பெரிய வித்தைக்காரரையே பேய்க்காட்டினவர். முன்னுக்குக் குனிவார், பார்க்கிற ஆளும் கூடவே இறுகுவான். பின்னுக்குச் சாய்வார், அவனும் தளருவான். அந்தத் தளர்ச்சியில கை வேலை முடிஞ்சிரும். அவர் உடப்புக்கு வரவுமில்லை, கயிறு பிடிக்கவுமில்லை. நீ இங்க பிறந்தும் கயிறு பிடிக்கல்ல. ஆர் கெட்டிக்காரன்?

இழுத்த கயிற்றை விடாமல் பிடிச்சு வச்ச ஒருத்தரும் இருக்கிறார். வங்காளத்து பி.சி. சர்க்கார். 1956 ஏப்ரலில லண்டன் பிபிசி தொலைக்காட்சியில, "பனோரமா" நிகழ்ச்சியில, ஒரு பொண்ணை மேசையில படுக்க வச்சு மெஷின் வாளால குறுக்க அறுத்தார். வாள் ஓடி முடிஞ்சுது. அவளைத் தட்டி எழுப்பினார், அவள் எழும்பல்ல. நிகழ்ச்சி நடத்தினவர் நேரம் முடிஞ்சுது எண்டு முன்னால வந்து வணக்கம் சொல்லிட்டார். அவ்வளவுதான், படம் போச்சு. பொண்ணு செத்துப்போனாள் எண்டு நினைச்ச சனம் பிபிசியின்ட டெலிபோனையெல்லாம் நிரப்பிப்போட்டுது. அடுத்த நாள் பத்திரிகையெல்லாம் அவர் பேர். நேரத்தைக் கணக்குப் பண்ணியே செய்தார் எண்டு பின்னால எழுதினவங்கள் கனபேர். இழுவை விழுந்த இடத்தில பாட்டை நிப்பாட்டினால் கரையில நிக்கிற எல்லாரும் கயிற்றோட அப்படியே நிப்பாங்கள். அவர் லண்டனையே அப்படி நிக்க வச்சார். உடுப்பிலயும் ஊதேனுக்கு நேர் எதிர். தலைப்பாகை, இறகு, மகாராஜா வேஷம். வெள்ளைக்காரன் கற்பனையில இருந்த இந்தியாவை நாடக மேடையிலயிருந்து எடுத்து உடுத்தினார். இரண்டு பேரும் முன்னால ஆர் இருக்கிறாங்கள் எண்டு பார்த்திட்டுத்தான் அலுமாரியைத் திறந்தவங்கள். நீ அலுமாரியைத் திறந்திட்டுத்தான் ஆளைத் தேடுறாய்.

சரி, வாய்க்கு வருவம். உன்ட பேச்சு எனக்குப் பிடிக்கல்ல. தனியா நிண்டு தனியாவே கதைக்கிறாய். வில்லுப்பாட்டைப் பார். யாழ்ப்பாணத்துச் சின்னமணி வில்லுக்கு முன்னால இருந்த காலத்தில சனம் விடிய விடிய இருந்தது. எங்கட ஊரிலயும் வில்லுக்குக் குறைவில்லை. அதில கதை சொல்லுறவர் பெரிய ஆள்தான். ஆனா பக்கத்தில இருந்து "ஆமா" போடுற ஆள்தான் வித்தைக்காரன். அவன் வேணுமெண்டே ஒண்டும் விளங்காத மாதிரிக் கேள்வி கேட்பான். சபையில ஆருக்கோ எழும்பின சந்தேகத்தை அவனே கேட்டிருவான், பிறகு சபைக்குக் கேட்க ஒண்டும் இருக்காது. அவன் வாயைத் திறந்தால் கண்ணெல்லாம் அவனுக்குத் திரும்பும். அந்த நேரத்தில கதை சொல்லுறவர் தண்ணி குடிப்பார், தொண்டையைச் செருமுவார், அடுத்த வரியை யோசிப்பார். நீயெண்டால் அந்த நேரத்தில ஒரு புறாவையே உள்ள வச்சிருப்பாய். உனக்கு ஒரு "ஆமா" வேணும். கவர்ச்சியா ஒரு பொண்ணைத் தேடாதே. நம்பாத முகத்தோட ஒரு கிழவன் போதும். நான் சும்மாதான் இருக்கிறன். சம்பளம் பிறகு கதைப்பம்.

"மற்றக் கலையில கை வச்சால் களவெண்டு சொல்லுவாங்கள் மாமா" எண்டு ஒரு பயம் வேற உனக்கு. களவெண்டால் இந்தக் கரையே கள்ளன்தான். தமிழ்க் கத்தோலிக்கர் கோயில் பெருநாளுக்கு ஆடின கூத்து மன்னாரிலயும் சிலாபத்திலயும் நீர்கொழும்பிலயும் இருந்து சிங்களத்துக்குப் போய் "நாடகம" ஆச்சு. பேராசிரியர் சரச்சந்திர அம்பலாங்கொடையில ஒரு குருநான்சேயிட்ட அதைக் கற்று, ஜப்பானுக்குப் போய் அந்த நாட்டு அரங்கையும் பார்த்திட்டு வந்து, 1956ல "மனமே"யை மேடையேற்றினார். கதை புத்தர் ஜாதகக் கதை. அதைப் பார்த்துப் பேராதனையில வித்தியானந்தன் வாத்தியார், "எங்களிட்டயிருந்து போனது இவ்வளவு வடிவா இருக்கே" எண்டு எங்கட கூத்தைத் தூக்கினார். 1962ல "கர்ணன் போர்". விடியும்வரை ஆடுறதை வெட்டிச் சுருக்கி மேடைக்கு ஏத்தினார். போனதும் வந்ததும் ஆருடையது எண்டு இப்ப ஆர் பிரிக்கிறது? எடுக்கிறவன் எடுத்ததை வச்சு என்ன செய்தான் எண்டுதான் சனம் பார்க்கும். எடுத்ததை மாத்தாமல் அப்படியே காட்டுறவனைத்தான் கள்ளன் எண்டு சொல்லும். நீ கூத்திலயிருந்து ஒண்டு எடுக்கிறாயெண்டால் கட்டியகாரனை எடு. ராசா வருமுன்னம் அவன் வந்து ராசாவைப் பற்றிச் சொல்லுற சொல்லிலதான் ராசா பெரிய ஆளாகிறான். உள்ள கிரீடத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறவன் எங்கட பக்கத்து வீட்டுச் சின்னத்தம்பிதான் எண்டு எல்லாருக்கும் தெரியும். எண்டாலும் திரை விலகும்போது மயிர் கூச்செறியும்.

ஒண்டை மட்டும் தொடாதே. திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பு. நீ அதைப் பார்த்து, "மாமா, நெருப்பில ஒரு ஐட்டம் செய்யலாம்" எண்டு கண்ணை விரிச்சது எனக்குத் தெரியும். அது வித்தை இல்லை, நேர்த்தி. அதில கை வச்சால் ஊர் உன்னை மறைய வைக்கும், திரும்பி வரவும் வைக்காது. ஆனா ஓரமா நிண்டு ஒண்டைப் பார். தீக்குழியில ஒரு ஆள் நடக்கிறது கண் மூடித் திறக்கிற நேரம். அதுக்கு முன்னால கொடியேறினதிலயிருந்து விரதம், பாரதக் கதை, ஊர்வலம், மேளம், காத்திருக்கிற சனம். நீயோ அறிமுகம் அரை நிமிஷம், முயல் ஒரு நிமிஷம், வணக்கம். முயல் வந்ததே சிலபேருக்குத் தெரியாது.

களவெண்டு பயப்படுற உனக்கு இன்னொரு ஆளைப் பற்றியும் சொல்ல வேணும். மதராசுப் பக்கத்து ராமசாமி. 1810களில கப்பலேறி இங்கிலாந்துக்குப் போய், வாள் விழுங்கி, பித்தளைப் பந்து எறிஞ்சு பிழைச்சவர். வெள்ளைக்காரன் வாயில ராமோ சாமி ஆகிப்போனார். அந்தக் காலத்துப் பெரிய எழுத்தாளர் ஹாஸ்லிட், வெள்ளை உடுப்போட நிலத்தில இருந்து நாலு பந்தை ஒண்டாச் சுழற்றின ஒரு இந்திய வித்தைக்காரனைப் பார்த்திட்டு ஒரு நீளக் கட்டுரை எழுதினார். 1821ல புத்தகமா வந்தது. அந்த ஆள் ராமசாமிதான் எண்டு வித்தை வரலாறு எழுதுறவங்கள் சொல்லுறாங்கள். ஹாஸ்லிட்டுக்கு என்ன நடந்ததெண்டால், தன்ட எழுத்தில ஒரு வரி கூட அந்தப் பந்தளவுக்குத் துல்லியமா வந்ததில்லையே எண்டு வெட்கம் பிடிச்சுது. பார், எங்கட ஆள் எறிஞ்ச பந்து ஒரு இங்கிலீசு எழுத்தாளன்ட மேசையில போய் விழுந்தது. ஊதேன்ட அரங்கை 1888ல வாங்கின மெலியே எண்டவர் அங்க வித்தை காட்டிக் காட்டியே, 1896ல ஒரு பொண்ணை மறைய வைக்கிற வித்தையைப் படம் பிடிச்சு சினிமாவுக்குள்ள போயிட்டார். எல்லாரும் வித்தைக்காரன் பக்கத்திலயிருந்து அள்ளிக்கொண்டு போறாங்கள். நீ திருப்பி அள்ள வெட்கப்படுறாய்.

இப்ப வேலைக்கு வா. உன்ட பெட்டியில ஒரு வெள்ளைக் கயிறு கிடக்குது, வெட்டி ஒட்டிக் காட்டுற கயிறு. நூல் மாதிரி இருக்கு. அதை விடு. கரைவலைக் கயிறு ஒரு துண்டு எடு, பழசு, உப்புப் பிடிச்சது, கையில குத்துறது. இரண்டு பக்கமும் ஆக்களைப் பிடிக்க விடு. நான் அம்பாவை எடுத்துக் குடுக்கிறன். இந்த ஊரில கயிறு கையில இருந்தால் வாய் தானா வரும், அழைக்கத் தேவையில்லை. இரண்டு மூண்டு இழுவை போகட்டும். நடுவில நிண்டு நீ வலை அறுந்த கதையைச் சொல்லு. கடலடிப் பாரில மோதி மடி கிழிஞ்சு, பிடிச்ச மீன் எல்லாம் கண்ணுக்கு முன்னால கடலுக்குத் திரும்பிப் போய், அந்தப் பருவத்துக் கடன் அடுத்த பருவத்துக்கு ஏறின கதை. இங்க இருக்கிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் அப்படி ஒண்டு இருக்கு. பிறகு கயிற்றை வெட்டு. கத்தி எடுக்காதே, வலை வெட்டுற கத்தரி எடு. சத்தம் எல்லாருக்கும் தெரிஞ்ச சத்தமா இருக்க வேணும். ஒருத்தரும் பாட மாட்டாங்கள். நான் ஒரு நக்கல் வரி விடுவன், உன்ட கறுப்புக் கோட்டைப் பற்றித்தான். சிரிப்பாங்கள். அந்த மூச்சில நீ செய்யிறதைச் செய். அதுக்குப் பிறகு வலை ஊசியை எடுத்து இரண்டு தரம் கோர்க்கிற மாதிரிக் காட்டிட்டு, "இழுங்கோ" எண்டு சொல்லு. இரண்டு பக்கமும் இழுக்கட்டும். கயிறு நிக்கட்டும்.

கடதாசி கிடைச்சால் ஊர் தேத்தண்ணிக்குப் போகும். அறுந்த கயிறு இழுவைக்கு நிண்டால், உன்ட பெரியம்மா காகத்தை மறந்து கருவாட்டையும் மறப்பா.

முதல் தரம் இதைச் சபையில காட்டாதே. வலை தைக்கிற கிழவிகளுக்கு முன்னால செய். அவங்கள் கை தட்ட மாட்டாங்கள், கையில ஊசி. ஆனா முடிச்சு எங்க விழுந்தது எண்டு அவங்களின்ட விரலுக்குத் தெரியும். அவங்கள் பிடிக்கல்லையெண்டால் பிறகு ஒருத்தனும் பிடிக்க மாட்டான்.

அது சரியா வந்தால் பிறகு ஏலம் போடுற இடத்துக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போறன். மீன் கரையில குவிஞ்சு கிடக்கும்போது எவ்வளவு எண்டு எல்லாரும் பார்ப்பாங்கள். ஏலக்காரன் ஒரு கண்ணால இந்த யாவாரியை, மற்றக் கண்ணால அந்த யாவாரியைப் பார்த்து விலையை ஏத்துவான். அதுவும் நல்ல வித்தைதான், படி. ஆனா அதுக்குப் பிறகு அந்த மீன் வலைக்குச் சொந்தக்காரச் சம்மாட்டியின்ட கணக்குக் கொப்பிக்குப் போய்ச் சேருறதுக்குள்ள, பட்டப் பகலில, இத்தனை கண்ணுக்கு முன்னால, பாதியாகிற வித்தை ஒண்டு இருக்கு. பாட்டுமில்லை, கோட்டுமில்லை, "ஆமா" போட ஆளுமில்லை. நாற்பது வருஷமாப் பக்கத்தில நிண்டு பார்த்திருக்கிறன், கை அசைஞ்சதைக் கண்டதில்லை. அதைப் படிக்க ஆசையெண்டால் என்னட்ட வராதே. சம்மாட்டி வீட்டில ஒரு பொண்ணு இருக்கு, உன்ட அம்மாவோட கதைச்சுப் பார்க்கிறன்.